கடல் பக்கமிருந்து எண்ணிய ரேக்குகள்

வேலையில் இறங்கிவிட்டால் பூமிநாதனிடம் யாரும் குறுக்கே பேசக்கூடாது. படகில் போன காலத்திலிருந்தே அப்படித்தான். தோள்மூட்டு நழுவி, கடலுக்குப் போவது நின்றபிறகு கேபிள் இழுக்கக் கற்றுக்கொண்டார். கீழவாஞ்சூரில் ஒரு சரக்குக் கம்பெனியின் சர்வர் அறைதான் அவர் தனியாக எடுத்த முதல் காண்ட்ராக்ட். இதை ஒழுங்காக முடித்தால்தான் மாடியில் உள்ள பெரிய வேலையும் கிடைக்கும். மனைவி மலர்க்கொடி கூடவே வந்து ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் பெயர்ச்சீட்டு ஒட்டினாள். எட்டாவதோடு நின்றவள். வெளி ஆட்கள் முன்னால் வாய் திறக்கமாட்டாள். கண் மட்டும் சும்மா இருக்காது.

வரைபடத்தோடு கேபிள்களை ஒப்பிட இன்ஜினியர் கீர்த்திகா வரும் காலை. கேபிள்களெல்லாம் வாரிக் கட்டப்பட்டு, பின்னல் போட்ட மாதிரி அழகாக இருந்தன. வெளியிலிருந்து வரும் தடித்த கேபிளுக்குச் சீட்டு ஒட்டப்போன மலர்க்கொடி அப்படியே நின்றாள். அது கதவுக்கு மேலே இறங்கி, மெஷின்களை அடுக்க அங்கிருந்த இரும்பு ரேக்கின் தலையில் முடிந்துவிட்டது. படத்தில் அது சேர்வது முதல் ரேக்கில். பூமிநாதனின் முதல் ரேக்கோ எதிர்க்கோடியில், கிழக்குச் சுவரோரம்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் ஊரான கிளிஞ்சல்மேட்டில் படகை எண்ணினாலும் வீட்டை எண்ணினாலும் கடல் பக்கமிருந்துதான் எண்ணுவார்கள். இவரும் அப்படியே எண்ணிவிட்டார். படம் போட்டவர்கள் கதவிலிருந்து எண்ணியிருக்கிறார்கள். முதலாவது கடைசி, கடைசி முதலாவது.

கணவரிடம் மெல்லச் சொன்னாள். முறைத்தார். பிறகு படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வலிக்கிற தோளை மறு கை தானாகப் போய்ப் பிடித்துக்கொண்டது.

கீர்த்திகா உள்ளே வந்ததும் மலர்க்கொடி முந்திக்கொண்டாள். “மேடம், சீட்டெல்லாம் நான்தான் மாத்தி ஒட்டிட்டேன்.”

பூமிநாதன் எழுந்தார். “அவ சும்மா சொல்றா மேடம். ரேக்கை எண்ணுனது நான். கடல் பக்கத்துலேருந்து எண்ணிட்டேன்.”

கீர்த்திகா படத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “நல்லவேளைண்ணே, ரேக்குக்குள்ள தட்டுகளையும் தலைகீழா எண்ணாம விட்டீங்க” என்று சிரித்தாள். நாளைக்கு மெஷின்கள் வந்து இறங்குகின்றன, அதற்குள் மாற்றினால் கையெழுத்துப் போடுகிறேன், மாடி வேலைபற்றி அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கட்டியதையெல்லாம் அவிழ்த்தார்கள். இந்த முறை பூமிநாதன் படத்தை மலர்க்கொடியிடம் கொடுத்து, எது எங்கே என்று அவளையே சொல்லச் சொன்னார். “வாய்க்குள்ளயே சொன்னா நான் எங்கேருந்து இழுக்கறது, மலரு?” என்று சீண்டியதும் அவள் குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள். உயரத்து முனைகளுக்கு அவரை விடாமல் தானே ஸ்டூல் போட்டு ஏறினாள்.

சாயங்காலம் கீர்த்திகா ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பார்த்துக் கையெழுத்திட்டாள். மாடிக்குப் படம் தயாரானதும் கூப்பிடுவதாகவும், இருவருமே வரவேண்டும் என்றும் சொன்னாள்.

வண்டியைக் கிளப்பும்போது பூமிநாதன் கேட்டார்: “மேடம் முன்னாடி அப்படிப் போய் நின்னியே, எங்கேருந்து வந்துச்சு அந்தத் தைரியம்?”

“நீங்க தரையில உக்காந்ததப் பாத்ததும் வந்துச்சு” என்றாள் மலர்க்கொடி, பின்னால் ஏறி அவருடைய நல்ல தோளில் கை வைத்தபடி.