கரடிக்கு உத்தரவு போட்ட கேசட்

வளைகுடா ஊரான மனாமாவில் நான் வேலை பார்த்த ஓட்டலில் ஒரு கரடியும் ஒரு முயலும் ஒரு ஒட்டகமும் பாடும். மேடையில் நிற்கும் ஆளுயரப் பொம்மைகள். உள்ளே இரும்புச் சட்டமும் ரப்பர் குழாய்களும் இருந்தன. குழாயில் காற்று ஏறினால் கை தூக்கும், இறங்கினால் விழும். பாட்டும் அசைவும் ஒரே கேசட்டில் இருந்தன. ஒரு பாதையில் சத்தம், மறு பாதையில் எந்தக் கை எப்போது அசைய வேண்டும் என்கிற உத்தரவு. கரடியின் வாய்க்கு மட்டும் உத்தரவு தேவையில்லை. கேசட்டில் எந்தச் சத்தம் வந்தாலும் அது திறக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் அதைப் பார்க்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரபிக் குடும்பங்கள் கதவுக்கு வெளியே காத்து நிற்கும்.

ஒட்டகம் ஒட்டகமாக வரவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டியைப் பிரித்தபோது உள்ளே இருந்தது பன்றி. முதலாளி ஒரு பார்வை பார்த்தார். "மாஃபி, மாஃபி" என்று அரபியில் மறுத்துக் கையை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதை ஒட்டகமாக மாற்றியவர் யாழ்ப்பாணத்து அண்ணன். ஓட்டலில் கரண்டு, ஏசி, பொம்மைகள் எல்லாம் அவர் பொறுப்பு. மெத்தைப் பஞ்சை வெட்டி மூக்கை நீட்டினார். கம்பளித் துண்டை ஒட்டி உதட்டைத் தொங்கவிட்டார். கண்ணை மட்டும் மாற்ற முடியவில்லை.

"ஆரும் கேட்டால், வெயிலுக்குச் சுருங்கிப் போச்சுது எண்டு சொல்லும் தம்பி" என்றார்.

நான் மேசை துடைக்கிறவன். என் கை ஒல்லி, பொம்மையின் முதுகுத் துவாரத்துக்குள் தோள் வரை போகும். அதனால் என்னைச் சேர்த்துக்கொண்டார். அந்த ஊர்ப் புழுக்கத்தில் ரப்பர் சீக்கிரம் வெடித்துவிடும். செய்த கம்பெனியிலிருந்து சாமான் வருவது நின்றுபோயிருந்தது. சைக்கிள் டியூப்பை வெட்டிக் கட்டினோம். ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றும் குழாய்கூடக் கரடியின் கழுத்தில் ஓடியது. தினமும் காலையில் எல்லாக் குழாயிலும் காற்று ஓட வேண்டும். ஓடாத குழாய் இறுகிவிடும்.

பாட்டுக் கேசட்டில் எல்லாக் குழாயும் ஓடாது என்பதால், அந்தச் சோதனைக்காக அண்ணன் தனியாக ஒரு கேசட் செய்தார். பின்னால் குனிந்திருக்கும் எனக்கு முன்னால் எது அசைகிறது என்று தெரியாது. ஆகவே ஒவ்வொரு அசைவுக்கும் முன்பு அவரே குரல் கொடுத்திருந்தார். "கரடியார், வலது கை. இன்னும் மேலை. காணும், காணும். முயலார், என்ன நித்திரையோ? எழும்பும்." பத்து நிமிடம் ஓடும். அவர் பேசப் பேசக் கரடியின் வாய் திறந்து மூடும். கரடி தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொள்வது போல இருக்கும். அதன்மேல் யாரும் வேறெதையும் பதிந்துவிடக் கூடாது என்று கேசட்டின் முதுகிலிருந்த இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் உடைத்துவிட்டார்.

எண்பத்து மூன்று ஜூலையில் லீவில் போனார். கொழும்பில் தமிழர்களுக்கு நடப்பதை ரேடியோவில் கேட்டோம். அவர் திரும்பி வரவில்லை. கடிதமும் இல்லை. வேறு ஆளை முதலாளி வைக்கவில்லை. சோதனை என் வேலையாகிவிட்டது. நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்திருக்கும் காலை நேரத்தில், யாருமில்லாத கூடத்தில், கரடி அவர் குரலில் பேசும். நாள் போகப் போக டேப் தளர்ந்தது. குரல் கனத்தது. போதும் என்பதற்கு அவர் சொல்லும் "காணும்" ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஆனது. கேசட்டைப் போட்டால் குரல் தேயும், போடாவிட்டால் குழாய் இறுகும். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகைக்காக ஓட்டலைச் சாத்தியிருந்த நேரத்தில், பின்கதவில் ஒரு பெண் வந்து நின்றார். அதே ஊரில் குதைபியாப் பகுதியில் ஒரு வீட்டில் வேலைக்கு வந்திருக்கிறார். அண்ணனின் பெயரைச் சொல்லி, "அவற்ற மனிசி" என்றார். நெற்றியில் பொட்டு இருந்தது.

"கட்டுநாயக்கா ஏர்போட்டில வந்து இறங்கினது தெரியும் அண்ணை. வீட்டுக்கு வந்து சேரேல்லை. ஒரு துண்டுக் காயிதமும் இல்லை. இருக்கிறாரோ இல்லையோ எண்டு ஆரும் சொல்லுகினமில்லை."

எனக்குப் பெண்களிடம் பேச வராது. கேசட்டைப் போட்டேன். கரடி வாயைத் திறந்ததும் அவர் மேடையருகே போனார். முடிந்ததும், "இன்னொருக்காப் போடுங்கோ" என்றார். போட்டேன்.

"இதை எனக்குத் தருவியளோ? ஊரில இருக்கிற பிள்ளைக்கு மூண்டு வயசு. தகப்பன் எப்பிடிக் கதைக்கிறவர் எண்டு அதுக்குத் தெரியாது."

"அடுத்த வெள்ளி வாங்க அண்ணி. ஒரு காப்பி எடுத்துக்கிட்டு, இதையே உங்க கையில குடுத்துடறேன்" என்றேன். அந்த வருடத்தில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

காப்பி எடுக்க இரண்டு கேசட் போடும் டேப்ரிக்கார்டர் வேண்டும். ரூமில் என்னோடு இருந்த தஞ்சாவூர்க்காரரிடம் அது இருந்தது. வியாழக்கிழமை டூட்டி முடித்து வந்து எடுக்கலாம் என்று கேசட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனேன்.

எங்கள் ரூமில் எட்டுப் பேர். கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. எல்லோரும் கேசட்டில் பேசித்தான் ஊருக்கு அனுப்புவோம். பல் உடைந்த கேசட் என்றால், பழைய சினிமாப் பாட்டு, தேவையில்லாதது என்று அர்த்தம். ஓட்டையில் காகிதத்தை மடித்து அடைத்தால் மறுபடி பதியலாம். நானும் அப்படி எத்தனையோ கேசட்டில் பேசியிருக்கிறேன். அண்ணனின் கேசட்டை அந்த ரூமில் வைத்தவன் நான்தான்.

வந்து பார்த்தபோது தலையணைக்கு அடியில் எதுவும் இல்லை.

"அதுவா? அம்மாகிட்ட பேசி அனுப்பிட்டேனே" என்றார் தஞ்சாவூர்க்காரர். "மத்தியான பிளைட்டுல நம்மூர் ஆளு ஒருத்தர் போனாரு. படமும் இல்ல, பேரும் இல்ல, காலி கேசட்டுன்னு நெனச்சேன்."

"எவ்வளவு நேரம் பேசினீங்க?"

"ரெண்டு பக்கமும் பேசினேன். அம்மாகிட்டப் பேச விஷயமா இல்ல? ஏன்யா மூஞ்சி இப்படிப் போவுது? ஒன் கரடி பாடுறதுக்கு ஊருல வேற கேசட்டே கெடைக்காதா?"

ரூமே சிரித்தது. நான் என் கட்டிலில் ஏறி, கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அண்ணி சொன்ன நேரத்துக்கு வந்தார். கையில் ஒரு சின்னத் துணிப்பை, கேசட்டை வைத்துக் கொண்டுபோக. நான் தரையைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. கரடிப் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் எத்தினை தரம் கேட்டிருப்பியள்?"

"ரெண்டு வருஷமா கேக்குறேன் அண்ணி."

"எண்டால் உங்களுக்குப் பாடம்தானே. சொல்லுங்கோ."

நான் அவருக்கு முதுகு காட்டிக் கரடியைப் பார்த்து நின்றேன். "கரடியார், வலது கை" என்றேன்.

"அப்பிடி இழுக்க மாட்டார். வெட்டிச் சொல்லுவார்."

மறுபடி சொன்னேன்.

"ஓம்."

முழுவதையும் சொன்னேன். அண்ணன் இருமிய இடத்தில் இருமினேன். முயலை எழுப்பும் இடத்தில் சிரிப்பை அடக்கிய மாதிரி வரும், அதையும் செய்தேன். காற்றடிக்கும் கம்ப்ரசரைப் போடவில்லை. எந்தப் பொம்மையும் அசையவில்லை. ஒட்டகத்தின் கண்ணுக்கு வந்தபோது பின்னாலிருந்து, "காணும் அண்ணை" என்று கேட்டது.

நிறுத்தினேன்.

"அவர் வந்துதான் இனிக் கதைப்பார் எண்டு இருந்தனான்" என்றார். "இப்ப அவற்ற கதையை வேறொராள் கதைக்க வேண்டியதாப் போச்சுது. அப்ப அவர் இல்லைத்தானே."

துணிப்பையை மடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு பின்கதவு. அடுத்த வெள்ளி அவர் வரவில்லை, அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. குதைபியாவில் எந்த வீடு என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

கேசட் இல்லாததால் ஒவ்வொரு வால்வாகக் கையால் திருகிச் சோதனை செய்ய வேண்டியதாயிற்று. முதல் நாள் வாய் திறக்காமல் செய்து பார்த்தேன். கைக்குப் பதில் காது அசைந்தது, காதுக்குப் பதில் கண். வால்வுகளின் வரிசை எனக்கு அந்தக் குரலோடுதான் தெரியும். ஆகவே அண்ணன் சொன்னபடியே, அவர் பேச்சிலேயே, மெதுவாகச் சொல்லிச் சொல்லித் திருகினேன். அந்த ஓட்டலை மூடும்வரை தினமும் காலையில் அப்படித்தான் செய்தேன்.