காந்தம் ஒட்டாத மோரிஸ் மைனர்

1988 ஜூன் 12 – 9
1989 ஜூன் 11 – 26
1990 ஜூன் 10 – 61
1991 ஜூன் 9 – 143

இங்கிலாந்துத் துறைமுக ஊரான ஃபிளீட்வுட்டின் பழைய கார் கண்காட்சியில் செட்ரிக் என்ட்விசில் இழந்த மதிப்பெண்கள் இவை. கண்காட்சியை நடத்தும் சங்கத்தின் பதிவேட்டை எழுதியவன் நான். கடைசி எண்ணை இதுவரை யாரும் எட்டவில்லை.

செட்ரிக் மீன்பிடிக் கப்பல்களில் முப்பத்தோரு ஆண்டுகள் இன்ஜின் பார்த்தவர். உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று அறிந்தவர். தினமும் ஓட்டும் தன் 1962 மோரிஸ் மைனர் காரில் துருப்பிடித்த போல்ட்டுகளைக் கழற்றி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புதிது மாட்டிக்கொண்டே வந்தார். நடுவர் ஹார்கிரீவ்ஸ் சட்டைப்பையில் ஒரு காந்தம் வைத்திருப்பார். ஸ்டெயின்லெஸ்ஸில் காந்தம் ஒட்டாது; ஒட்டாத போல்ட் ஒவ்வொன்றுக்கும், அசல் இல்லை என்று, ஒரு மதிப்பெண் போகும்.

1991-இல் காருக்கு அடியிலிருந்து ஹார்கிரீவ்ஸ் குரல் கேட்டது.

"என்னப்பா, முன்சக்கரத்துக்கிட்ட மட்டும் எல்லாம் ஒட்டுது? பழசா?"

"புதுசுதான். ஹை டென்சில்னு பலமான இரும்பு போல்ட். ஸ்டெயின்லெஸ் அந்த பாரத்தத் தாங்காது. மாவிஸ் வேற உக்காருவால்ல."

"நான் இங்கதான் நிக்கிறேன், செட்ரிக்" என்றார் மாவிஸ், கணவருக்குத் தேநீர் ஊற்றியபடி.

அக்டோபரில் சங்கம் முடிவெடுத்தது: பழைய வகை போல்ட்டுகளைத் திரும்ப மாட்டாவிட்டால் அடுத்த ஆண்டு அனுமதி இல்லை. செட்ரிக்குக்கு ஆண்டிலேயே பெரிய நாள் கண்காட்சிதான். கூட்டத்துக்கு வந்து பந்தயம் கேட்டார். அவர் காரில் பத்து, ஹார்கிரீவ்ஸ் காரில் பத்து, ஒருவர் போல்ட்டை மற்றவர் தேர்ந்தெடுப்பது, ஸ்பானரால் கழற்றுவது. அதிகம் கழன்ற கார் ஜெயிக்கும்; தான் ஜெயித்தால் காரை அனுமதிக்க வேண்டும் என்றும், தோற்றால் எல்லாவற்றையும் மாற்றிவிடுவதாகவும் சொன்னார்.

1992 மார்ச் 15. மழையே பார்க்காத ஹார்கிரீவ்ஸ் காரில் நான்கு கழன்றன, நான்கு அசையவில்லை, இரண்டு ஒடிந்தன. செட்ரிக் காரில் ஒன்பது வெண்ணெய்போல் கழன்றன. நம்பர் பிளேட்டில் இருந்த பத்தாவது அரைச்சுற்றில் இறுகிவிட்டது. ஸ்டெயின்லெஸ் நட்டும் போல்ட்டும் கிரீஸ் இல்லாமல் உரசினால் மரைகள் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும்.

"கிரீஸ் தடவலயா?" ஹார்கிரீவ்ஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"தடவப் போனேன். இவ சாப்பிடக் கூப்பிட்டா."

"அதுவும் என் தலையிலயா?" என்றார் பக்கத்தில் நின்ற மாவிஸ்.

ஒன்பதுக்கு நான்கு என்று எழுதிக்கொண்டேன்.

தினமும் ஓடும் கார்களுக்குத் தனிப் பிரிவு, அதில் காந்தம் கிடையாது என்று செட்ரிக்குக்குச் சங்கத்தின் கடிதத்தைத் தட்டச்சு செய்தேன். அடியில் ஹார்கிரீவ்ஸ் பேனாவால் ஒரு வரி சேர்த்தார்: "ஒடிஞ்ச ரெண்டுக்கும் ஸ்டெயின்லெஸ்ல உன்கிட்ட இருக்குமா?"

செட்ரிக் கைக்கு அது கிடைத்த நாள்: 1992 ஏப்ரல் 3.