யானை இறங்கும் தடம்

முக்காலியிலிருந்து அகளி போகும் சாலையில், பவானி ஆற்றை ஒட்டி மாட்டுவண்டி வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறோம். காட்டையும் ஆற்றையும் நிதானமாக ரசிக்க வேண்டும் என்பது காரோட்டும் மச்சானின் உத்தரவு. ஏசி வீணாகும், கண்ணாடியை இறக்கக்கூடாது என்பதும் அவர் உத்தரவுதான்.

ஒரு வளைவில், ‘யானைகள் கடக்கும் இடம், வண்டியை நிறுத்தாதீர்கள்’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதன் கீழே ஏற்கெனவே நாலைந்து கார்கள் நிற்கின்றன. மச்சானும் நிறுத்துகிறார். பலகையைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறோம்.

சாலையோரக் கல்லில் ஓர் அம்மா ஆடுகளோடு உட்கார்ந்திருக்கிறார். யானை வருமா என்று அவரிடம் கேட்கிறேன்.

“தெனமும் இந்நேரத்துக்கு ஆத்துக்கு எறங்குமுங்க. மேல மூங்கில் காட்டுலதான் நிக்குது. இத்தனை காரு நின்னா எப்படிங்க எறங்கும்?”

“நீங்க ஏம்மா உக்காந்திருக்கீங்க?”

“அது நிக்கிற தடத்துலதானுங்க என் ஊட்டுக்குப் போவோணும். அது தண்ணி குடிக்க எறங்குனாத்தான் நான் ஆட்ட ஓட்டிட்டு மேல ஏற முடியும். நீங்கெல்லாம் கெளம்புனீங்கன்னா செத்த நேரத்துல வந்துருமுங்க.”

இதை அப்படியே மச்சானிடம் சொல்கிறேன். அவர் முகம் மலர்கிறது. ஒவ்வொரு காராகப் போய்ச் சொல்கிறார்.

“யானை பக்கத்துலதான் நிக்குதாம். யாரும் கிளம்பிடாதீங்க.”

பிறகு டிக்கியைத் திறந்து மடக்கு நாற்காலிகளை எடுத்துப் போடுகிறார். நல்ல மனுஷன், அந்த அம்மாவுக்கும் ஒன்று போடுகிறார்.