முள்ளு மாமாவின் கண்

பள்ளி வேன் ஓட்டும் அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் முள்ளு மாமா. சள்ளென்று விழுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். கோபத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். டாஷ்போர்டில் இருக்கும் பேட்டரி மீட்டரின் முள்ளைப் பார்க்காமல் காலையில் வண்டியை எடுக்க மாட்டார், அதனால் வந்த பெயர். சாவியை ஒரு திருகு மட்டும் திருகுவார். இஞ்சினை எழுப்ப மாட்டார். முன்விளக்கைப் போட்டுவிட்டு, முள் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்.

"இஞ்சின் ஓடுறப்போ பாத்தா செத்த பேட்டரியும் ஜோராத்தான் காட்டும். சும்மா நிக்கிறப்போ பாக்கணும்," என்று கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் சொல்வார். அதே வேனில் ஆயாவாகப் போகும் அவர் மனைவிக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அன்று காலையும் ஸ்டியரிங்கின் மேல் குனிந்து பார்த்தார்.

"பச்சையில நிக்குது. கல்லு மாதிரி இருக்கு பேட்டரி," என்றவர் சாவியை முழுக்கத் திருகினார். டக் என்றது. மறுபடி திருகினார். அதே டக்.

பக்கத்து இருக்கையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். முள் சிவப்பில் படுத்துக் கிடந்தது.

"எங்கங்க பச்சையில இருக்கு?"

"வெளிச்சம் பத்தலம்மா."

வண்டிக்குள் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"மறைக்காம சொல்லுங்க. கண்ணு தெரியலையா?"

"நேத்து கடைசியா ஏறுன புள்ளைய குரலை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்," என்றார்.

"இந்தக் கண்ணை வச்சுக்கிட்டா அத்தனை புள்ளைங்களையும் ஏத்திட்டுப் போனீங்க?" என்று கத்தியேவிட்டாள். அவரிடம் அவள் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

அவர் சாக்குச் சொல்லவில்லை. சாவியை உருவி அவள் கையில் வைத்தார். பள்ளிக்கூடத்துக்கும் அவரே போன் போட்டார்.

"வேற டிரைவரை அனுப்புங்க சார். எனக்குக் கண்ணு சரியில்ல. இனிமே ஓட்டக்கூடாது."

பேட்டரி செத்ததே நல்லதாய்ப் போயிற்று என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். அந்த மனிதருக்கு வேன்தான் உயிர். போனை வைத்துவிட்டு ஸ்டியரிங்கை ஒருமுறை தடவிக்கொடுத்தார். அதைப் பார்த்ததும் அவள் கோபம் போன இடம் தெரியவில்லை.

"புரைதான், எடுத்துட்டா சரியாயிடும்னு டாக்டர் அப்பவே சொன்னாரு. கண்ணுல கத்தி வைப்பாங்களேன்னு பயந்துட்டேன்," என்றார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நான் கூட வரமாட்டேனா?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சரி, என் முகமாவது தெரியுதா?"

"புகை மூட்டமாத்தான் தெரியுது."

"அதுவும் நல்லதுக்குத்தான். நரை, சுருக்கம் எதுவும் தெரியாதுல்ல."

அவர் சிரிக்கவில்லை.

"எனக்கு அதெல்லாம் பாக்கணும்," என்றார். "இன்னிக்கே கூட்டிட்டுப் போ."