ஒரு இருமலுக்குச் சாவி, ரெண்டு இருமலுக்குக் காசு

எங்க பெரியம்மாவுக்குச் சட்டைக் கம்பெனியில் வைத்த பெயர் எக்ஸ்ரே. இருபத்திரண்டு வருஷம் செக்கிங் மேஜையில் நின்றவள். தைத்து முடித்த சட்டையெல்லாம் அவளிடம்தான் வரும். காலருக்குள் ஒரு விரலை விடுவாள், பை ஓரத்தில் ஒரு விரலை ஓட்டுவாள். உள்ளே குண்டூசி மாட்டிக்கொண்டிருந்தாலும் சரி, ஒடிந்த ஊசிமுனை ஒளிந்திருந்தாலும் சரி, எங்கேயோ பார்த்துக்கொண்டே எடுத்துவிடுவாள். சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, தைத்தவளின் மேஜைக்கே சட்டையைத் திருப்பி எறிவாள். தைக்கிறவர்கள் யாரும் அவளை வாழ்த்தியதாக வரலாறு இல்லை.

வீட்டிலும் அதே விரல்தான். கல்யாணம் வேண்டாம் என்று எங்களோடேயே இருந்துவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வந்தால் அம்மாவை ஏமாற்றிவிடலாம். பெரியம்மா துவைக்கப் போட்ட துணியைத் தடவியே, "என்னடி, படம் நல்லாருந்துச்சா?" என்பாள். கையில் கிழிந்த சினிமா டிக்கெட் இருக்கும்.

மார்பில் இருந்த கட்டியையும் அவள் விரல்தான் முதலில் கண்டுபிடித்தது. கண்டுபிடித்து, ஏழு மாசம் மூச்சு விடவில்லை. அதே கட்டி ஒரு சட்டைக் காலரில் இருந்திருந்தால் அன்றைக்கே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாள். ஒரு நாள் அட்டைப்பெட்டியைத் தூக்கும்போது முதுகில் மளுக்கென்று ஏதோ முறிந்தது. முதுகுக்குப் படம் எடுக்கப் போன இடத்தில் எல்லாம் வெளியே வந்தது. மார்பில் பிறந்த புற்றுநோய் முதுகெலும்பிலும் ஈரலிலும் குடித்தனம் வைத்து நாளாகியிருந்தது.

"இத முழுசா எடுக்க முடியாதும்மா. அடக்கி வைக்கப் பாக்கலாம்," என்றார் டாக்டர்.

"அடக்கறதுதானே டாக்டர், நாப்பது தையல்காரிங்கள அடக்கினவ நான்," என்றாள் பெரியம்மா. அம்மா அழுவதற்கு வராந்தாவுக்குப் போய்விட்டாள். இன்னொரு நாற்காலி காலியானதே என்று நான் உட்கார்ந்துகொண்டேன். அழுவதற்கு இருவர் தேவையில்லை.

வாரம் ஒரு தடவை மருந்து ஏற்றினார்கள். கூடப் போகிற வேலை எனக்கு. ஒன்பதாவதோடு படிப்பை முடித்துக்கொண்டவளுக்கு வேறு என்ன வேலை? மூன்றாவது வாரம் தலைமுடி கையோடு வந்தது. பிறகு வாயெல்லாம் புண், நகமெல்லாம் கறுப்பு. புருவமும் போனதும் நான் பென்சிலால் வரைந்துவிட்டேன், ஒரு பக்கம் கோபமாக, ஒரு பக்கம் ஆச்சரியமாக. கண்ணாடி பார்க்காமல் முதுகுப் பட்டையைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் வந்து என் முதுகில் ஒன்று வைத்தாள். மறுநாள் காலையில் பென்சிலை நீட்டி, "ரெண்டு பக்கமும் கோவமாவே போடு, அப்பதான் பயப்படறாளுங்க," என்றாள்.

மூன்றாம் மாச ஸ்கேனில் நோய் சுருங்கியிருந்தது. அன்றைக்கு வீட்டில் எல்லோரும் காரணமில்லாமல் சத்தமாகப் பேசினோம்.

மருந்து ஏற்றும் அறையில் ஆறு சாய்வு நாற்காலிகள். அங்கே ஒரு நம்பிக்கை இருந்தது, எந்த டாக்டரும் சொல்லிக்கொடுக்காதது: மருந்தின் அளவைக் குறைத்துவிட்டால் நம்மைக் கைகழுவிவிட்டார்கள் என்று அர்த்தம். ஜன்னலோர நாற்காலியில் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்த ஒரு அக்கா உட்காருவாள். மருந்தால் கால் மரத்துப்போகிறது என்று நர்ஸிடம் உண்மையைச் சொன்னாள். அளவைக் குறைத்தார்கள். ரெண்டு மாசத்தில் அந்த நாற்காலியில் வேறு ஆள். அந்த அக்கா எந்த நிலையில் வந்து சேர்ந்தாள் என்று யாரும் யோசிக்கவில்லை. அதற்கப்புறம் நர்ஸ் எதைக் கேட்டாலும் அறை முழுக்க ஒரே பதில்: "நல்லாருக்கேன் சிஸ்டர்." ஒருத்தி உதட்டுப் புண்மேல் சாயம் பூசிக்கொண்டு வந்தாள். இன்னொருத்தி நாலு தடவை வாந்தி எடுத்துவிட்டு ஒரு தடவை என்றாள்.

பெரியம்மாவுக்கு விரல் மரத்துப்போக ஆரம்பித்தது அப்போதுதான். முதலில் எறும்பு ஊர்கிற மாதிரி. பிறகு பத்து விரலுக்கும் உறை போட்ட மாதிரி. ஒரு நாள் காலையில் கதவைத் தள்ளினேன், சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சட்டைக் கம்பெனிக்காரிக்குப் பொத்தான் போட வரவில்லை.

"உங்கம்மாகிட்ட வாயத் தொறந்தே, காதத் திருகிடுவேன்."

"எந்த விரலால?"

சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. "சிஸ்டர் கையில எதையாவது வெச்சுக் கண்ண மூடிக்கிட்டு சொல்லச் சொல்றாடி. தப்பா சொன்னா கொறைச்சுடுவாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

வாழ்க்கையில் முதல் தடவையாக என் படிப்புக்கு ஏற்ற கேள்வியை ஒருத்தர் கேட்டார்.

நர்ஸ் பையில் இருப்பது எப்போதும் மூன்றே பொருள். ஒரு இருமலுக்குச் சாவி, ரெண்டு இருமலுக்குக் காசு, மூக்கை உறிஞ்சினால் பொத்தான். பெரியம்மா கண்ணை மூடி, உள்ளங்கையில் வைத்ததை உருட்டி, நான் இருமும்வரை யோசிக்கிற மாதிரி நடிப்பாள். நன்றாக நடிப்பாள். "காசு சிஸ்டர். அதுவும் தேஞ்ச காசு!"

"இந்தப் பாப்பாவுக்கு ஏன் எப்பவும் சளி?" என்று நர்ஸ் எனக்கு ஒரு முகக்கவசத்தை மாட்டிவிட்டாள். கவசத்துக்குள்ளிருந்து இருமினேன். ஒன்பது வாரம் மாட்டவில்லை. பரீட்சையில் பிட் அடித்தபோதுகூட இத்தனை நாள் தாக்குப்பிடித்ததில்லை. ஒவ்வொரு தடவையும் முழு அளவு மருந்து ஏறியது. பஸ்ஸில் வரும்போது ரெண்டு பேரும் ஜெயித்த கட்சிக்காரர்கள் மாதிரி உட்கார்ந்திருப்போம்.

கம்பெனியில் மட்டும் இருமுவதற்கு ஆள் இல்லை.

அன்றைக்கு மேஜைக்கு வந்தவை வெள்ளைச் சட்டைகள், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கானவை. பெரியம்மா வழக்கம்போல விரலை விட்டுவிட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். மடிக்கிற பெண்தான் கத்தினாளாம். பதினோரு காலரில் ரத்தம். பெரியம்மாவின் ஆள்காட்டி விரலில் ஒரு குண்டூசி கொண்டைவரை இறங்கியிருந்தது. "அக்கா, கையப் பாருங்க!" என்று சூப்பர்வைசர் பதறினான். அடுத்தவர் விரலைப் பார்ப்பதுபோல அவள் பார்த்தாளாம். பிறகு பதினோரு சட்டைக்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட உட்கார்ந்தாள். ஸ்டிக்கரை உரிக்க வரவில்லை. அவளிடம் அதிகமாகத் திட்டு வாங்கிய தையல்காரி ஒருத்தி பக்கத்தில் வந்து நின்று, ஒவ்வொன்றாக உரித்துக் கொடுத்தாளாம். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பெரியம்மா தாங்கியிருப்பாள்.

"கொஞ்ச நாள் வீட்ல இருங்கக்கா," என்றான் சூப்பர்வைசர். கொஞ்ச நாள் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். அடுத்த நாளே அந்த மேஜையில் வேறு பெண்.

அதே வாரம் ஆறாம் மாச ஸ்கேன்.

"ஈரல்ல பெருசாயிருக்கும்மா. இந்த மருந்து இனிமே கேக்காது," என்றார் டாக்டர். அப்போதுதான் விரலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார். "விரல்ல என்ன?"

பெரியம்மா மேஜையைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன். "அவங்களுக்கு விரல்ல ஒண்ணுமே தெரியாது டாக்டர். நான் இருமினேன்."

டாக்டருக்குப் புரியவில்லை. நர்ஸுக்குப் புரிந்தது. "அடிப்பாவி, அத்தனை வாரமுமா?" என்று ஃபைலைக் கீழே வைத்தாள்.

டாக்டர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் கேட்டார். "ஏம்மா சொல்லல?"

"சொன்னா கொறைச்சிருப்பீங்க."

"கொறைச்சிருப்பேன். இல்ல நிறுத்திட்டு வேற மருந்துக்கு மாத்தியிருப்பேன்."

"கொறைச்சிருந்தா நோய் அப்பவே வளந்திருக்கும்ல?"

"இல்லம்மா. கொறைச்சிருந்தாலும் பெரும்பாலும் இதே எடத்துலதான் நின்னிருப்போம். விரல் மட்டும் மிஞ்சியிருக்கும்."

பெரியம்மா விடவில்லை. "ஜன்னலோரத்து டிக்கெட் அக்காவுக்குக் கொறைச்சீங்க. போயிட்டாங்களே?"

நர்ஸ் பதில் சொன்னாள். "அவங்க வரும்போதே முத்திப்போய்த்தான் வந்தாங்க அக்கா. கொறைச்சதுனாலதான் கடைசி வரைக்கும் சொந்தக் கால்ல பாத்ரூம் போனாங்க. அவங்க பொண்ணு வந்து நன்றி சொல்லி என் கையப் பிடிச்சுட்டுப் போனா."

"என் விரல் திரும்புமா?"

"கொஞ்சம் திரும்பலாம். சிலருக்குத் திரும்பறதில்ல," என்றார் டாக்டர். அடுத்தது மாத்திரை என்றார். கேட்டால் சில மாசங்கள், சிலருக்கு ஒரு வருஷம், அதற்கு மேலும். கேட்காவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

பஸ்ஸில் நான்தான் ஆரம்பித்தேன். "திட்டேன் பெரியம்மா."

"உன்னத் திட்டி என்ன பண்ண? இருமச் சொன்னது நான்." ரெண்டு நிறுத்தம் கழித்து, "இருபத்திரண்டு வருஷம் அடுத்தவ தப்பத் தேடினேன்," என்றாள்.

மாத்திரை காலையில் மூன்று, சாயங்காலம் மூன்று. பதினாலு நாள் சாப்பிட்டு ஏழு நாள் விட வேண்டும். ரெண்டாவது சுற்றில் உள்ளங்கால் சிவந்து எரிய ஆரம்பித்தது. தரையில் கால் வைத்ததும் போனை எடுத்து நர்ஸிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தாள். எரிச்சல், வயிற்றுப்போக்கு, நாக்கில் புண், எத்தனை தடவை, எந்த நேரம். நர்ஸே, "போதும்கா, எழுதிக்கிட்டேன்," என்றாளாம். ஒரு வாரம் நிறுத்தினார்கள். பிறகு வேளைக்கு ரெண்டாகக் குறைத்தார்கள். "சரி," என்றாள். எரிச்சல் தணிந்ததும் வாசல்வரை நடந்தாள். அடுத்த ஸ்கேனுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்க மட்டும் அவளுக்கு வராது. அழுத்துகிறோமா இல்லையா என்று விரலுக்குத் தெரியவில்லை. ஒன்று தெறித்து பீரோவுக்கு அடியில் போனது. நான் சிரித்தேன். அட்டையை என்மேல் வீசினாள். அன்றிலிருந்து பிதுக்கிக் கொடுப்பது நான்தான். உள்ளங்கையில் வைத்துவிட்டு, "வெச்சுட்டேன்," என்று சொல்ல வேண்டும். சொன்னாலும் குனிந்து பார்ப்பாள். இன்று காலையிலும் பார்த்தாள்.

"ஏன், நான் சொன்னா நம்ப மாட்டியா?"

"உன்ன நம்பி ஒம்போது வாரம் கண்ண மூடினேன்டி," என்றாள். ரெண்டு மாத்திரையையும் நன்றாகப் பார்த்த பிறகுதான் வாயில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குக் கை நீட்டினாள். டம்ளரை அவள் விரல்கள் சுற்றிப் பிடித்துவிட்டன என்று கண்ணால் பார்க்கும்வரை நான் விடவில்லை.