கேசட்டில் பாதி, கிள்ளானில் மீதி

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குப் புடுராயா பஸ் நிலையத்தில் இறங்கினேன். தைப்பிங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் பழைய சாலை வழியாக ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். பஸ் கட்டணம் பன்னிரண்டு வெள்ளி. ஏசி வேலை செய்தது, அதுவும் என் தலைக்கு மேலே மட்டும். புடுராயாவின் கீழ்த்தளத்துப் புகையையும் புழுக்கத்தையும் போகாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி என்று எதற்காகவும் நான் வரவில்லை. ஒரு பாட்டின் மீதியைக் கேட்க வந்தேன். இதைச் சொன்னதும் பஸ்ஸில் பக்கத்து இருக்கை அம்மாள் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

விஷயம் இதுதான். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இருக்கும் என் நாத்தனார் தீபாவளிக்கு எனக்கு ஒரு கேசட் அனுப்பினாள். வேண்டிய சினிமாப் பாட்டுகளைச் சொன்னால் கடைக்காரர் பதிந்து தருவாரே, அந்த மாதிரி. நாடா மிச்சமிருந்தால் கடைக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள், கையில் அகப்பட்டதைப் போட்டு நிரப்பிவிடுவார்கள். என் கேசட்டின் இரண்டாம் பக்கக் கடைசியில் அப்படித்தான் ஒரு பெண்குரல் வந்தது. கூடவே ஒரே ஒரு கித்தார்.

‘ஆறு மணி பஸ்ஸு வந்து ஹாரன் அடிக்குது,
ஆக்கித் தந்த சோத்து டப்பா கையில் கனக்குது,
பால்மரத்து லைன் வீடெல்லாம் பின்னால் போகுது,
அம்மா கேட்டாச் சொல்லிடுங்க...’

டொக். நாடா தீர்ந்துவிட்டது.

ரப்பர் தோட்டத்து வீட்டை விட்டு வேலைக்குப் பஸ் ஏறும் ஒரு பெண்ணின் பாட்டு. என் மகள் செல்வியும் பினாங்கில் எலக்ட்ரானிக் ஃபேக்டரிக்குப் போய் ஒரு வருஷமாகப் போகிறது. வேண்டாமென்றேன், கேட்கவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை. “ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாயேன்” என்று என் கணவர் சொல்லாத நாளில்லை. போனவள் அவள், வரவேண்டியவளும் அவள்தான் என்பது என் கட்சி. ஆனால் அந்தப் பாட்டு என்னைத் தூங்கவிடவில்லை. அம்மா கேட்டால் என்ன சொல்வதாம்? அதைத் தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று கிளம்பிவிட்டேன்.

புடுராயாவிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு மினி பஸ், ஐம்பது காசு. “உள்ள போங்க அக்கா, உள்ள இடம் இருக்கு லா!” என்று கண்டக்டர் கத்திக்கொண்டே இருந்தார். உள்ளே இருந்த இடம் அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது.

மூன்றரை மணிக்கு, நாத்தனார் பதிந்து வாங்கிய கேசட் கடை. சுவர் முழுக்கச் சினிமா முகங்கள். கேசட்டை நீட்டி, “தம்பி, கடைசிப் பாட்டோட மீதி வேணும்” என்றேன். கடைக்காரர் போட்டுப் பார்த்துச் சிரித்தார்.

“இது விக்கிற பாட்டு இல்ல அக்கா.”

“அப்ப எதுக்குப் போட்டீங்க?”

“கிள்ளான்ல வசந்தான்னு ஒரு பொண்ணு. சொந்தமா பாட்டுக் கட்டிப் பாடுது. கேசட் ரெக்கார்ட் பண்ணிக் கொண்டாந்துச்சு. சினிமாப் பாட்டு இல்லாம யாரு வாங்குவா? ஒண்ணுகூட ஓடல. அப்புறம் அதுவே எல்லாத்தையும் திருப்பி வாங்கிட்டு, இந்தப் பாதிப் பாட்ட மட்டும் குடுத்துச்சு. மிச்ச நாடாவுல போடுங்கண்ணே, மீதிய நான் பாத்துக்கிறேன்னு சொல்லிருச்சு.”

“இது என்ன அநியாயம்?”

“முழுசா இருந்தா நீங்க வந்திருப்பீங்களா?” என்றார். “நாளைக்கு அஞ்சு மணிக்கு அது வீட்டுல பாடுது. போங்க” என்று விலாசத்தை எழுதிக் கொடுத்தார்.

கோபம் வந்தது. ஆனாலும் அந்தப் பெண்ணின் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது. அது எங்கள் வீட்டுச் சரக்கு.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், “பைத்தியமா அண்ணி உங்களுக்கு?” என்ற நாத்தனாரை விட்டுவிட்டுக் கிள்ளான் பஸ் ஏறினேன். முப்பது கிலோமீட்டர் தூரம். கிள்ளான் கடைத்தெருவில் மல்லிகையும் வடை எண்ணெயும் கலந்த வாசம். அங்கிருந்து டாக்சி. இடத்தைச் சொன்னதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

“பாட்டுக்கா ஆன்டி? எங்கிட்டயும் அந்தப் பாட்டு இருக்கு லா. ரெண்டு வரியோட நின்னுரும். கேட்டுட்டு வந்து மீதிய எனக்குச் சொல்லுங்க.”

அது ஒரு வரிசை வீடு. சோபாவெல்லாம் வெளியே போர்ட்டிகோவில் கிடந்தது; கேட்டருகே செருப்புக் குவியல். ஹாலில் பாய்விரித்து முப்பது பேர்போல் உட்கார்ந்திருந்தார்கள். வசந்தாவுக்கு முப்பது வயதுக்கு மேலிருக்கும். கையுறை ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. கித்தார் பழகியது மெதடிஸ்ட் சர்ச்சில். உட்கார்ந்த சூட்டோடு முன்வரிசையிலிருந்து ஒருவர் ஆரம்பித்தார்.

“ஒரு பழைய படப் பாட்டு பாடும்மா.”

“அதுக்கு ரேடியோ இருக்கு அங்கிள். இங்க என் பாட்டு மட்டும்தான். பிடிக்கலன்னா பீஹூன் சாப்பிட்டுட்டுப் போங்க, கோவிச்சுக்க மாட்டேன்.”

அவர் போகவில்லை. அந்த அரிசிச் சேமியா பீஹூனும் நன்றாகத்தான் இருந்தது.

ஷிஃப்ட் மாறும் நேரம், ஹாஸ்டலில் ஒரே கண்ணாடிக்கு முன்னால் ஆறு பேர் தலைவாருவது, லோரி ஓட்டுபவனைக் காதலித்தவள் கதை என்று ஒவ்வொன்றாகப் பாடினாள். எதுவும் எனக்குத் தெரியாத பாட்டு, எல்லாம் எனக்குத் தெரிந்த வாழ்க்கை. கடைசியில்தான் ஆறு மணி பஸ் வந்தது. அவரவர் கேசட் நின்ற இடம் வந்ததும் அவரவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். என் இடமும் வந்தது.

‘அம்மா கேட்டாச் சொல்லிடுங்க, அடுத்த பஸ்ஸும் உண்டு,
ஜன்னலோரம் இடமிருக்கு, ஏறி வரச் சொல்லுங்க.’

எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. பாட்டில் வரும் மகள் மன்னிப்புக் கேட்பாள், அல்லது நன்றாயிருக்கிறேன் என்பாள் என்று எதிர்பார்த்துப் போனவள் நான். இந்தப் பெண் என்னைக் கூப்பிடுகிறாள்! அழுதேன் என்றே சொல்லிவிடுகிறேன்.

கூட்டம் கலைந்ததும் வசந்தாவிடம், “உங்கம்மா வந்தாங்களாம்மா?” என்று கேட்டேன்.

“பந்திங்லதான் இருக்காங்க ஆன்டி. ஒரு மணி நேர பஸ்.” கித்தாரை உறையில் வைத்து மூடினாள். “இன்னும் வரல. வந்துட்டா இந்தப் பாட்ட விட்டுருவேன்.”

வெளியே அதே டாக்சி காத்திருந்தது. “மீதி என்ன ஆன்டி?” என்றார் டிரைவர். “நீங்களே போய்க் கேளுங்க” என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணின் வியாபாரத்தை நான் எதற்குக் கெடுக்க வேண்டும்?

திங்கட்கிழமை காலை மறுபடி புடுராயா. “தைப்பிங்கா அக்கா?” என்று தைப்பிங் வழியாகப் போகும் பஸ்ஸுக்கு டிக்கெட் விற்பவர் கேட்டார்.

“பட்டர்வொர்த்” என்றேன். அங்கிருந்து பினாங்குக்குப் படகு. செல்வியின் ஹாஸ்டல் விலாசம் ஒரு வருஷமாக என் கைப்பையிலேயே இருக்கிறது.

கோலாலம்பூரில் வெயில் கொளுத்தியது. தைப்பிங்கிலோ வழக்கம்போல மழை. எங்கள் மலை முழுசாக மறைந்திருந்தது. “தைப்பிங் இறங்குறவங்க யாரு?” என்று டிரைவர் கேட்டபோது இரண்டு பேர் இறங்கினார்கள். அங்கிருந்து என் வீடு பக்கம்தான். நான் எழுந்திருக்கவில்லை. எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்திருந்தது.