மூன்றாம் அடியில் இழுபட்ட கால்

2004ஆம் ஆண்டு ஆனி மாதத்துச் சனிக்கிழமையொன்றில், காலை ஆறு மணிக்கு வவுனியாவிலிருந்து வான் வண்டியில் புறப்பட்டோம். கனடாவில் கணினி கற்பிக்கும் என் தங்கை மகன் சுதன், ஆறு கமராக்களும் ஒரு பை வெள்ளை உருண்டைகளும் கொண்டுவந்திருந்தான். உருண்டைகளை உடம்பில் ஒட்டிக்கொண்டு ஒருவர் சிலம்படி ஆடினால், கமராக்கள் அவற்றைத் தொடர்ந்து, அவ்வசைவைக் கணினியில் புள்ளி மனிதனாகப் பதிந்துவிடும். அதைப் பார்த்து அங்குள்ள பிள்ளைகள் பழைய அடிவரிசைகளைப் பயில்வர்.

“உதென்ன ஐயா, கோழி முட்டையே? பள்ளம் பாத்து ஓடவோ?” என்றார் சாரதி.

மாங்குளத்தில் தேநீர் அருந்தி, உடையார்கட்டை அடைந்தபோது மணி பத்தரை. சிலம்படி ஆசிரியர் நல்லதம்பியரும் மனைவி பாக்கியமும் வரவேற்றனர். வெயில் கமராக்களைக் குழப்பும் என்பதால் நெற்களஞ்சியத்தினுள் ஆசிரியரின் ஆட்டம் நடந்தது. மறுநாள் சுதனுக்கு விமானம்; அன்றே பதிவு முடியவேண்டும்.

திரையில் புள்ளி மனிதன் மூன்றாம் அடியில் இடக்காலை இழுத்தான்.

“மாஸ்ரர், இந்த இழுப்பு வரிசையிலை உள்ளதோ?” என்று சுதன் கேட்டான்.

“உது ஆர் தம்பி, நானே?”

பத்து வருடங்களுக்கு முன் உழவு இயந்திரத்திலிருந்து விழுந்து முறிந்த கால் முற்றாகத் தேறிவிட்டதென்றே அவர் நம்பியிருந்தார். வாசலில் நின்ற மாணவர் அறுவரையும் ஆடச் சொன்னார். அறுவரும் மூன்றாம் அடியில் இடக்காலை வெகு பக்தியோடு இழுத்தனர்.

“பத்து வருசமாச் சொல்லுறன், கேட்டாத்தானே!” என்றார் பாக்கியம். “என்ரை அப்பு எங்கள் ரெண்டு பேருக்கும் உப்பிடியே படிப்பிச்சவர்?”

“அப்ப நீர் ஆடிக் காட்டுமன்” என்றார் ஆசிரியர்.

பாக்கியத்தின் சேலை மடிப்பில் உருண்டைகள் கமராக்களுக்குத் தெரியாமல் மறைந்தன. உள்ளே போய், கணவரின் கறுப்புக் காற்சட்டையை அணிந்து மீண்டும் வந்தார்.

“எனக்கு இறுகினது அவாவுக்கு எப்பிடிப் பொருந்துது பாருங்கோ!” என்று ஆசிரியர் சிரித்தார். மூன்றாம் அடியில் அம்மையாரின் இடக்கால் நிலத்தைத் தொடாது எழுந்து வந்தது. சிரிப்பை நிறுத்தி, “அதுதான், அதுதான்” என்றார் அவர்.

பிற்பகல் மூன்று மணிக்கு விடைபெற்றோம். முதற் பதிவை அழிக்கட்டுமா என்று சுதன் கேட்டான்.

“அழியாதேங்கோ தம்பி. அவாவின்ரை பதிவைப் படிப்பியுங்கோ. என்ரையைப் பக்கத்திலை வையுங்கோ. கால் ஏலாத பிள்ளை ஒண்டு அங்கையும் வரும்.”

வவுனியாவில் என் வீட்டில் ஆளுயரக் கண்ணாடி உண்டு. அதன் முன் நின்று தலை வாரியிருக்கிறேனே தவிர, என் நடையைப் பார்த்ததில்லை என்பது கனகராயன்குளம் தாண்டுகையில்தான் நினைவுக்கு வந்தது.